வணிக நிர்வாகக் கல்வியும் சேலம், நாமக்கல் சமவெளியும்

சேர்வராயன் மலையடிவாரத்தில் தொடங்கித் தெற்கே காவிரிக் கரைவரை பரந்து கிடக்கும் சமவெளியில், வணிக நிர்வாகவியல் இளங்கலைப் பட்டத்தை நாடிக் கலாசாலை புகும் மாணாக்கர் மூன்றாண்டுக் காலத்தில் எதைக் கற்கின்றனர், அக்கல்வி அவர்கள் பிறந்து வளர்ந்த தொழிற்சூழலோடு எவ்விதச் சம்பந்தம் உடையது என்னும் வினாவை நிதானமாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியதும், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியதும் 1997-ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன. லாரியும், முட்டையும், ஜவ்வரிசியும், விசைத்தறியும், வெள்ளிக் கொலுசும் பிழைப்பாக அமைந்த இப்பிரதேசத்தில், வியாபாரம் என்பது வீட்டுத் திண்ணையிலேயே பேசப்படும் விஷயம். ஆயினும் அத்திண்ணைப் பேச்சும் வகுப்பறைப் பாடமும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்து வருகின்றன. இப்பிரிவினால் இரண்டுமே நஷ்டமடைகின்றன என்பதே யாம் நிறுவ விழைவது.

பாடத்திட்டம் கலாசாலைக்குக் கலாசாலை சிறிது வேறுபடினும், அதன் உடல் ஒன்றே. தமிழும் ஆங்கிலமும் முதலிரு பகுதிகளாக அமைய, நிர்வாகக் கோட்பாடுகள், நிதிநிலைக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், பொருளாதாரம், புள்ளியியல், சந்தையியல், மனிதவள நிர்வாகம், உற்பத்தி நிர்வாகம், தொழில்முனைவு ஆகியவை ஆறு பருவங்களில் பயிற்றப்படுகின்றன. இவற்றுள் எதுவும் வீண் பாடமன்று. ஆனால் உதாரணங்கள் என்று வரும்போது, பாடநூல்கள் பெரும்பாலும் தூரதேசத்து மோட்டார்க் கம்பெனிகளையும் குளிர்பான ஸ்தாபனங்களையுமே நாடுகின்றன. மாணாக்கனும் அவற்றை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறான்.

இவ்விடத்தில் நிர்வாக சாஸ்திரத்தின் பிறப்பைச் சற்று நினைவுகூர்வது அவசியம். 1916-இல் தம் பதினான்கு கோட்பாடுகளை வெளியிட்ட ஹென்றி ஃபாயல், பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர். பிரான்சு தேசத்தில் சுரங்கப் பொறியாளராக வாழ்வைத் தொடங்கி, நலிந்துகொண்டிருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பை 1888-இல் ஏற்று, முப்பதாண்டுகள் அதனை நடத்தியவர். 1911-இல் விஞ்ஞான முறை நிர்வாகத்தை நூலாக்கிய டெய்லர், அமெரிக்க உருக்காலைகளில் தொழிலாளர்களின் வேலையை அளந்து பார்த்தவர். எல்டன் மேயோவின் பெயரோடு இணைந்துள்ள ஹாதார்ன் ஆராய்ச்சிகள், சிக்காகோவை அடுத்த ஒரு தொலைபேசிச் சாதனத் தொழிற்சாலையில் நடந்தவை. இன்று சர்வதேசக் கோட்பாடுகளாக நம் மாணாக்கர் பயில்பவை யாவும் ஒரு காலத்தில் ஓர் ஊரின், ஒரு தொழிலின் அனுபவமாக இருந்தவையே. சுரங்கத்திலிருந்து சித்தாந்தம் பிறக்கக்கூடுமாயின், சங்ககிரியின் லாரிப் பட்டறையிலிருந்தும் நாமக்கல்லின் கோழிப்பண்ணையிலிருந்தும் அது பிறத்தல் இயலாதென்று கருதுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

அடக்கவிலைக் கணக்கியலையே எடுத்துக்கொள்வோம். இப்பட்டப் படிப்பில் மாணாக்கர் மிகவும் அஞ்சுவதும், இச்சமவெளிக்கு மிகவும் பயன்படக்கூடியதும் அதுவே. ஒரு லாரியின் செலவுகளுள் வண்டி நின்றாலும் ஓடினாலும் விடாதவை சில: ஃபைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், காலாண்டு வரி, நேஷனல் பெர்மிட் கட்டணம். ஓடினால் மட்டும் எழுபவை சில: டீசல், சுங்கச்சாவடிக் கட்டணம், டயர்த் தேய்வு, டிரைவர் பேட்டா. முன்னது நிலைச்செலவு, பின்னது மாறுசெலவு. வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் சென்ற வண்டி, வெறுமையாகத் திரும்பினால் 20,000 ரூபாய் செலவாகுமென்றும், ரிட்டன் லோடு ஏற்றி வந்தால் அச்செலவு 27,000 ஆகுமென்றும், அந்த லோடுக்குக் கிடைக்கும் வாடகை 15,000 மட்டுமே என்றும் வைத்துக்கொள்வோம். முழுச்செலவோடு ஒப்பிட்டால் இது நஷ்டம். ஆயினும் மிகுதிச் செலவு 7,000 தான், வருவதோ 15,000 ஆதலால், ஏற்றி வருவதே விவேகம். எந்த லாரி உரிமையாளரும் இதனை ஏடு பாராமலே அறிவார். அவர் அறியத் தவறுவது அடுத்த படியை. எல்லா வண்டிகளும் இவ்விதமே குறைந்த வாடகைக்கு இணங்கும்போது, அவ்வாடகையே சந்தையின் வழக்கமாகி, நிலைச்செலவைத் தாங்குவதற்கு எந்தப் பயணமும் எஞ்சாத நிலை உருவாகிறது. தனி மனிதனுக்கு விவேகமாவது ஒரு தொழில் முழுமைக்கும் அழிவாக முடியும் இந்த நுட்பத்தை, வரைபடத்தில் இரண்டு கோடுகளாகக் கண்டு குழம்பும் மாணாக்கன், தன் தந்தையின் லாரிக் கணக்கில் கண்டால் ஒருபோதும் மறவான்.

தேய்மானமும் இத்தகையதே. டிரைவராகத் தொடங்கி, சீட்டுப் பிடித்தும் கடன் வாங்கியும் சொந்த வண்டிக்கு உடையவரானோர் இப்பகுதியில் பலர்; அவர்களுடைய உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் தவணை கட்டியபின் கையில் நிற்பதனைத்தும் லாபமென்று கொண்டு, அதனை வீட்டிலும் நிலத்திலும் கல்யாணத்திலும் செலவிட்டபின், வண்டி முதிர்ந்து விலைபோகும் நாளில் மறுபடியும் கடனாளியாக நிற்பவரும் அவர்களுள் உளர். சாலையையோ சரக்கையோ அவர்கள் அறியாதவர் அல்லர். ஒவ்வோர் ஆண்டும் வண்டியின் மதிப்பில் ஒரு பங்கு கரைகிறது என்பதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளாமையே அவர்களை வீழ்த்திற்று. அனுபவம் ஒன்றே போதும், பட்டம் வேண்டுவதில்லை என்று வாதிப்போருக்கு இதனினும் தெளிவான மறுப்பு எம்மிடம் இல்லை.

முட்டை வியாபாரமோ பொருளாதாரப் பாடத்துக்கென்றே அமைந்தது போன்றது. முட்டையிடும் கோழி ஏறத்தாழ 20-ஆம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஓராண்டுக்குமேல் நாள்தோறும் இட்டுவருவது. விலை விழுந்ததென்று அதனை நிறுத்திவைக்க எவராலும் இயலாது. செலவிலோ மக்காச்சோளமும் சோயாவும் அடங்கிய தீவனமே பெரும்பங்கு. சரக்கு கெடக்கூடியது, தேவையோ புரட்டாசி மாதத்தில் குறைந்து, வடக்கே குளிர்காலத்தில் பெருகுவது. அளிப்பு விலைக்கு உடனே இணங்காது என்னும் சூத்திரத்திற்கு இதனினும் உயிருள்ள சான்று வேறெங்கும் தேடவேண்டா. இந்நிலையில் 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்க, வியாபாரிகள் அதிலிருந்து ‘மைனஸ்’ கழித்து வாங்குகின்றனர். அறிவிக்கும் விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளி ஏன் விரிகிறது, எப்போது சுருங்குகிறது என்பது பேரத்தின் பலாபலத்தைப் பற்றிய ஆழ்ந்த ஆராய்ச்சி. சத்துணவுக்காக அரசு டெண்டர் மூலம் முட்டை வாங்குவதும், வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாவதும் அதனுள் அடங்குபவை.

சேலத்து ஜவ்வரிசி வேறொரு பாடம். மரவள்ளிக் கிழங்கை மாவுச்சத்தின் அளவறிந்து, பாயிண்ட் ஒன்றுக்கு இவ்வளவென்று விலைபேசும் வழக்கம் தரத்துக்கேற்ற விலை என்னும் நல்ல கோட்பாட்டின் பிரயோகமே. எனினும் அளக்கும் கருவி வாங்குவோர் வசமே இருப்பதனால் விவசாயிக்கு எழும் ஐயமும் நியாயமானது. ஆலை முதலாளிகள் இதே பலவீனத்தைத் தாமும் தரகர்களிடம் அனுபவித்தே 1981-இல் கூட்டுறவு முறையில் சேகோசர்வ் சங்கத்தைத் தோற்றுவித்தனர். உறுப்பினர் கொணரும் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் அளித்து, ரகசிய டெண்டரால் விலை காணும் அச்சங்கத்தின் ஏற்பாட்டில், நடைமுறை மூலதனம், கிடங்கு நிர்வாகம், ஏலக் கோட்பாடு ஆகிய மூன்றும் ஓரிடத்தே காணக்கிடைக்கின்றன. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபின், சந்தையியல் ஆசிரியர் வணிகப் பெயரைப் பற்றிய உதாரணத்துக்கு அட்லாண்டா நகரத்துப் பானத்தைத் தேடிச் செல்லவேண்டிய தேவை அறவே நீங்கிற்று.

சட்டப் பாடத்தைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை விரிவாகப் பயிலும் மாணாக்கன், சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுத்தல் வேண்டுமென விதிக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதே கவனத்தோடு பயின்றால், குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ பாக்கிக்காக மாதக்கணக்கில் அலையும் விசைத்தறிக்காரர்க்கு அவன் உபகாரியாவான்.

உள்ளூர்த் தொழிலைப் பாடமாக்கினால் கல்வி குறுகிவிடும், மாணாக்கன் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் தகுதியை இழப்பான் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் கோட்பாட்டையும் உதாரணத்தையும் ஒன்றாகக் கொள்வதால் எழுவது. ரிட்டன் லோடில் கற்ற கணக்கு, விமானத்தின் காலி ஆசனத்துக்கும் விடுதியின் காலி அறைக்கும் மாற்றமின்றிப் பொருந்தும். குறுகுவதாயின், எந்தத் தொழிலையும் அருகிருந்து காணாமல் எல்லாத் தொழிலையும் பற்றிப் பேசக் கற்கும் கல்வியே குறுகியது.

ஆகவே, இப்பகுதிக் கலாசாலைகளின் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் இது: மாணாக்கர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன், ஒரு லாரி, ஒரு கோழிக்கொட்டகை, ஒரு சேகோ ஆலை, ஒரு தறிக்கூடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஓராண்டுக் கணக்கை, உடையவரின் சம்மதத்தோடு, தேய்மானமும் வட்டியும் குடும்பத்தாரின் ஊதியமில்லா உழைப்பும் உட்படத் தம் கையால் எழுதி, அதனை அவ்வுடையவரிடமே விளக்கிக் காட்டுதல் வேண்டும் என்று விதி செய்யுங்கள். அவ்வேடுகளைக் கலாசாலை நூலகங்களில் தொகுத்து வையுங்கள். அடுத்துவரும் ஆண்டுகளின் மாணாக்கர்க்கு அவையே பாடநூல்களாகட்டும்.