சரிந்தது சராசரியா, கல்வியா?

1983 ஏப்ரலில் அமெரிக்காவில் ஓர் அரசு அறிக்கை வெளியானது. பெயர் "ஆபத்தில் ஒரு நாடு". ரீகன் ஆட்சியில் கல்விச் செயலராக இருந்த டெரல் பெல் அமைத்த குழு எழுதியது. அந்நாட்டின் பொதுப் பள்ளிகள் தோற்றுவிட்டன என்ற எண்ணத்தை மக்கள் மனதில் ஆழமாகப் பதித்தது இந்த அறிக்கைதான்.

அதற்கு முக்கிய சாட்சியாக நின்றவற்றுள் ஒன்று எஸ்.ஏ.டி. தேர்வு. 1963ல் மொழிப் பிரிவில் சராசரி மதிப்பெண் 478, கணிதத்தில் 502. 1980ல் அவை 424, 466 என இறங்கிவிட்டன. எண்கள் பொய்யில்லை. ஆனால் தேர்வு எழுதியது யார் என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை.

எஸ்.ஏ.டி. எல்லா மாணவர்களும் எழுதும் பொதுத்தேர்வு அல்ல. கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புபவர்கள் எழுதுவது. 1926ல் முதன்முதலாக நடந்தபோது சுமார் 8,000 பேர்தான் எழுதினார்கள். 1960களில் நிலைமை மாறியது. 1965ன் உயர்கல்விச் சட்டம் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் கடனும் கொடுத்தது. அதுவரை கல்லூரியை நினைத்தே பார்க்காத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பின மாணவர்களும் தேர்வுக் கூடத்துக்கு வந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. பத்துப் பேரில் வசதியான 8 பேர் தலா 500, ஏழைகள் 2 பேர் தலா 400 வாங்கினால் சராசரி 480. பிறகு வசதியானவர்கள் 5 பேர் தலா 510, ஏழைகள் 5 பேர் தலா 420 வாங்குகிறார்கள். இரு பிரிவும் முன்னேறிவிட்டன. சராசரியோ 465! புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. பின்னர் மாற்றியமைக்கப்பட்ட அளவுகோலில் பார்த்தால் 1981லும் 2002லும் மொழிப் பிரிவின் தேசிய சராசரி ஒன்றேதான், 504. ஆனால் இதே காலத்தில் வெள்ளையர் 8 புள்ளிகளும், கறுப்பினத்தவர் 19 புள்ளிகளும், ஆசிய வம்சாவளியினர் 27 புள்ளிகளும் உயர்ந்திருந்தார்கள். தேர்வு எழுதியோரில் வெள்ளையர் பங்கு 85 சதவீதத்திலிருந்து 65 ஆகக் குறைந்ததால் அந்த முன்னேற்றம் சராசரியில் தெரியவே இல்லை.

அப்படியானால் பள்ளிகள் மீது குறையே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லர்ட் விர்ட்ஸ் தலைமையிலான குழு 1977லேயே இதை ஆராய்ந்தது. 1970 வரையிலான சரிவில் பெரும்பகுதிக்குக் காரணம் எழுதுவோர் மாறியதுதான் என்றது. அதற்குப் பிந்தைய சரிவில் சுமார் கால் பங்கை மட்டுமே அப்படி விளக்க முடியும் என்றும் நேர்மையாகச் சொன்னது. பாடத்திட்டம் தளர்ந்தது, தொலைக்காட்சி எனப் பல காரணங்களை மீதிக்குப் பட்டியலிட்டது.

இந்த நிதானம் பிறகு காணாமல் போனது. 1984ல் கல்வித்துறை மாநிலங்களை வரிசைப்படுத்திச் சுவர் அட்டவணை வெளியிட்டது. அயோவா போன்ற மாநிலங்களில் பெரும்பாலோர் வேறொரு தேர்வை எழுத, தொலைதூரப் பெரிய கல்லூரிகளுக்குப் போக நினைத்த சிலரே எஸ்.ஏ.டி. எழுதினர். அதனால் அங்கே சராசரி உயரத்தில் நின்றது. நிறையப் பேரை எழுத வைத்த மாநிலங்கள் கீழே போயின.

அணு ஆயுதப் பொறியியலுக்குப் பெயர்பெற்ற சாண்டியா ஆய்வகத்தின் பொறியாளர்கள் இந்த எண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 1993ல் வெளியான அவர்களது அறிக்கை, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு பிரிவும் நிலையாகவோ உயர்ந்தோ இருப்பதைக் காட்டியது. "ஆபத்தில் ஒரு நாடு" பெற்ற விளம்பரத்தில் ஒரு துளிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

முதன்முதலாகக் கல்லூரிக் கனவோடு தேர்வு எழுத வந்த பிள்ளைகளின் வருகை ஒரு நாட்டின் வெற்றி. அந்த வெற்றியையே தோல்வியின் கணக்கில் எழுதிவிட்டது ஒரு சராசரி.