இலக்கு வைத்தால் எண்ணிக்கை வரும்... ஆரோக்கியம் வருமா?

எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் "கேஸ் பிடிக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். போலீஸ் சமாச்சாரம் இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பது! சுகாதார ஊழியரின் வேலைக்கு இப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1952-ல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய முதல் நாடுகளில் ஒன்று இந்தியா. 1960-களில் இலக்கு முறை வந்தது. மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை, கடைசியில் கிராம செவிலியருக்கு இத்தனை. ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் பணம், அழைத்து வந்தவருக்கும் பணம். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி நடந்தது. டெல்லி அசந்து போனது.

அடுத்து நெருக்கடி நிலை. 1976-77-ல் இலக்கு சுமார் 43 லட்சம், நடந்தது சுமார் 83 லட்சம்! காரணம் ஆர்வம் அல்ல, பயம். வட மாநிலங்களில் ஆசிரியர்களுக்குக்கூட "ஆள் கொண்டு வா, இல்லையென்றால் சம்பளம் இல்லை" என்றார்கள். இது தொடர்பாக 1,774 பேர் இறந்ததாக ஷா கமிஷன் பதிவு செய்தது. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. மறு ஆண்டு எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே போனது.

ஆனால் இலக்கு போகவில்லை, ஆள்தான் மாறியது. ஆண்களைத் தொட அரசியல்வாதிகளுக்குப் பயம், அதனால் சுமை பெண்கள் மேல் இறங்கியது. செவிலியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கர்ப்பிணியைப் பத்து முறை பார்த்தாலும் மேலதிகாரி கேட்பது ஒன்றுதான்: "இந்த மாசம் எத்தனை கேஸ்?" அப்புறம் தடுப்பூசிக்கும் பிரசவ கவனிப்புக்கும் எங்கே நேரம்?

1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்ற பணம் மட்டும் தொடர்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். முகாம்களையே மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊக்கத்தொகையே தப்பு என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆபரேஷனை எண்ணினால் ஆபரேஷன் கிடைக்கும். பிழைத்த தாயை, நலமான குழந்தையை எண்ணினால் ஊழியரின் கவனமும் அங்கே போகும். உத்தரவில் "இலக்கு" என்ற சொல்லை அடித்துவிட்டால் மட்டும் போதாது. பணம் எந்தப் பக்கம் போகிறதோ, வேலையும் அந்தப் பக்கமே போகும்!

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அந்தக் காலத்துக் கதையைக் கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாதது நிறைய கிடைக்கும்.