கோட்டை வாசலின் எழுத்து

திருகோணமலைத் துறைமுகத்தருகே விடுதிக்கோ கடைக்கோ இலச்சினை வரைபவர் நேர்த்தியான செரிஃப் எழுத்தைத் தேடினால், முதலில் பிரெட்ரிக் கோட்டை வாசலைப் பார்க்க வேண்டும். 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினர். வாசற்கல்லில் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் இன்றும் தெரிகின்றன. செரிஃப் வந்த வழி வேறு: உரோமின் திராஜன் தூணில் உள்ள அந்த எழுத்துமுனைகள் தட்டைத் தூரிகையில் பிறந்தவை என்று எழுத்துக்கலைஞர் எட்வர்ட் கேடிச் 1968இல் வாதிட்டார். கருவிதான் வடிவத்தைத் தருகிறது என்றால், எழுத்தாணியும் உளியும் வளர்த்த தமிழுக்கு உரோம முனைகளை ஒட்டவைப்பது பொருந்தாது. ஈய அச்சு தமிழுக்கும் தடிப்பும் மெலிவும் தந்ததே என்பார்கள். உண்மைதான், அழகாகவும் இருந்தது; ஆனால் அங்கே தடிப்பு வளைவோடு சேர்ந்து ஓடியது, நுனியில் தொங்கவில்லை. வாசற்கல்லின் எழுத்து தேய்ந்துவிட்டது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஆனாலும் பழைய வடிவங்களை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஒரே சீரான கீற்றையும் உளி விட்ட இடைவெளியையும் எடுத்துக்கொண்டால் போதும்.