ஒரே மிளகு, இரண்டு உடன்படிக்கை

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் டச்சுக் கம்பெனிக்கும் மூண்ட பகைக்கு வேர் நல்லமிளகு வணிகம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்பு திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, கன்னியாகுமரி அருகே உள்ள வட்டக்கோட்டையை வலுப்படுத்தினார். கோட்டை மதிலில் நின்றால் தெரியும் மலைத்தொடரில், மாறாமலைப் பக்கம், கிராம்போடு நல்லமிளகு இன்றும் விளைகிறது. அந்த மிளகின் விலையை இப்போது காப்பதும் கெடுப்பதும் சுங்க உடன்படிக்கைகள்தான்.

அவற்றுள் இரண்டை ஒப்பிடுவோம். இந்திய–இலங்கைத் தடையில்லா வணிக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. ஆசியான் நாடுகளுடனான சரக்கு உடன்படிக்கை 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரியில் தொடங்கியது.

இலங்கைக்கு அளவே வேலி. ஆண்டுக்கு 2,500 டன் மிளகு சுங்கமின்றி வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசிய உடன்படிக்கையான சாப்டாவின்படி 8 சதவீதம். ஆசியானுக்குச் சுங்கமே வேலி. அங்கே மிளகு சிறப்புப் பொருள். 70 சதவீத வரியை 2019 முடிவதற்குள் படிப்படியாக 50 சதவீதமாகக் குறைப்பது ஏற்பாடாக இருந்தது.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. சிறிய அண்டை நாட்டிடம் தாராளம், உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் ஆசியான் நாடான வியட்நாமிடம் எச்சரிக்கை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது. வியட்நாம் மிளகு நேரே வந்தால் பாதி விலைக்குக் குறையாத வரி. கொழும்பு வழியே இலங்கைச் சரக்கு என்ற சான்றிதழோடு வந்தால் எட்டு சதவீதமோ பூஜ்யமோ. அப்படித்தான் வருகிறது என்று மிளகு விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. இலங்கையின் மாத்தளை விவசாயியின் அசல் மிளகும் அந்த விதிக்குள் சிக்கியது. யாரோ செய்த தில்லுமுல்லுக்கு இரு கரை விவசாயிகளும் விலை கொடுத்தார்கள்.

எது மேல்? சுங்கமின்றி வருவது எவ்வளவு என்று விவசாயி முன்கூட்டியே அறிய முடிகிற இலங்கை ஏற்பாடே மேல் என்பேன். பழகிக்கொள்ள ஆண்டுக்கணக்கில் அவகாசம் தந்தது ஆசியான் ஏற்பாட்டின் நன்மை. ஆனால் விளைந்த நாட்டைச் சரிபார்ப்பது பலவீனமானால் இரண்டுமே பயனற்றுப்போகும்.

வளரும் நாடுகள் தங்களுக்குள் வணிகம் செய்வது தேவை. கதவை அடைப்பது தீர்வல்ல. இந்தியாவும் இலங்கையும் வியட்நாமும் 1972-இல் உருவான சர்வதேச மிளகுக் கூட்டமைப்பில் ஏற்கெனவே உறுப்பினர்கள். எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைக் கூட்டாகச் சரிபார்க்கும் முறையை அந்த மேசையிலேயே மூன்று அரசுகளும் வகுக்க வேண்டும்.