திண்ணை முதல் செயல்வழிக் கற்றல் வரை: தமிழகப் பள்ளிகளில் தனி மாணவர் மீதான கவனத்தின் வரலாறு

முன்னுரை

ஒவ்வொரு பிள்ளையின் தேவையையும் பள்ளி தனித்தனியே அறிந்து நடக்க வேண்டும் என்பது இன்றைய கல்விக் கொள்கைகள் அனைத்திலும் இடம்பெறும் கருத்து. அண்மைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து இறங்கிய சிந்தனையாகவே இது பலராலும் கருதப்படுகிறது. தமிழகக் கல்வி வரலாற்றில் இதன் தடம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்படுகிறது. பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளை தன் வேகத்தில் கற்றான். ஆனால் அந்தப் பள்ளியின் வாசல் குறுகலானது. பின்வந்த அரசுகள் வாசலை அகலத் திறந்தன. உள்ளே வந்தவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தின. கடந்த நூறாண்டுச் சீர்திருத்தங்கள் பலவும், அகன்ற வாசலையும் தனிக் கவனத்தையும் ஒரே பள்ளிக்குள் சேர்க்கும் முயற்சிகளே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. திண்ணைப் பள்ளியின் கற்றல் முறை

திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்பு கிடையாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மணலில் விரலால் எழுதப் பழகுவான். எழுத்துக் கைவந்தபின் ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். பிறகு எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகிய கணக்குச் சுவடிகள், நீதிநூல்கள். ஒரு சுவடி மனத்தில் பதிந்தால் அடுத்த சுவடி. பதியாதவரை அதே சுவடி. உடன் சேர்ந்தவன் எங்கே இருக்கிறான் என்பது கணக்கில் வராது. ஆண்டிறுதியில் தேர்ச்சி, தோல்வி என்ற பிரிப்பும் இல்லை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக்கொடுத்தான்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பு இம்முறையின் அளவைக் காட்டுகிறது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதாவது சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பேர். தனிக் கவனம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு இந்த எண்ணே முதல் விடை.

இதே ஆவணங்கள் மறுபக்கத்தையும் சொல்கின்றன. மொத்த மாணவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. இவ்வாவணங்களைத் தொகுத்து 1983-இல் வெளியிட்ட வரலாற்றாய்வாளர் தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவர்களே பெரும்பான்மையினர் என்பதைச் சுட்டிக்காட்டினார். எனினும் ‘பிற சாதியினர்’ என்ற கலத்தில் அடங்கியவர்கள் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தண்டனைகளும் கடுமையானவை. கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் அக்காலப் பள்ளி நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது ஆவணங்களுக்குப் பொருந்தாது. கற்றலின் வேகத்தில் அது பிள்ளைக்கு இடம் கொடுத்தது. பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் கொடுக்கவில்லை.

2. வகுப்பும் பரிசோதகரும்

1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். அந்த அனுபவத்தை அவர் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. அங்கே அதற்குக் கிடைத்த மதிப்பு வேறொரு காரணத்தால்: ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தலாம். பதினைந்து பேர் இருந்த திண்ணையில் கைத்துணையாக இருந்த சட்டாம்பிள்ளை ஏற்பாடு, பெருங்கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் கருவியாக மாறியது.

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்தில் கல்வித்துறை அமைந்தது. 1860களில் தேர்வு முடிவை ஒட்டிப் பள்ளிக்கு மானியம் தரும் முறை வந்தது. பரிசோதகர் வருவார், ஒவ்வொரு வகுப்புக்கும் வரையறுத்த பாடத்தில் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் கிடைக்கும். இந்தக் கணக்கில் மெல்லக் கற்கும் பிள்ளை ஆசிரியருக்கு நட்டம். தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவன் ‘பின்தங்கியவன்’ ஆனது இக்கட்டத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மானிய முறை கைவிடப்பட்டது. அது பழக்கிவிட்ட தேர்ச்சி விழுக்காட்டு மனநிலை இன்றும் தலைமையாசிரியர் கூட்டங்களில் உயிரோடு இருக்கிறது.

இதே காலத்தில்தான் அதுவரை வெளியே நின்றவர்களுக்காகச் சில வாசல்கள் திறந்தன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்காக ஆன் ஆஸ்க்வித் 1890-இலும், காது கேளாதோருக்காக ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் 1895-இலும் பள்ளி தொடங்கினர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காகப் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறில் இலவசப் பள்ளி ஏற்படுத்தினார். தனித் தேவை உள்ள பிள்ளைக்குத் தனிப் பள்ளி என்பதே அன்றைய விடை. பொதுப் பள்ளி அவர்களுக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை.

3. பசியை அறிந்த பள்ளி

பொதுப் பள்ளி முதலில் கண்டுகொண்ட தேவை பசி. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்து மாணவர் சேர்க்கை கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாததால் 1925-இல் நின்றது. உணவு கல்விச் செலவாகுமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் இங்கே நினைக்கத்தக்கது. பிள்ளை பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் தந்தையின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது அது. பிள்ளையின் சூழலுக்கேற்ற கல்வி என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் அதைக் ‘குலக்கல்வி’ என்றனர்; 1954-இல் அது கைவிடப்பட்டது. தனித் தேவையைப் பிள்ளையிடமிருந்து அறியாமல் அவன் பிறப்பிலிருந்து கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நிலையான எச்சரிக்கை.

அடுத்து வந்த காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் ஊர்மக்களின் நன்கொடையோடு தொடங்கியது. பின் அரசு நிதி சேர்ந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 முதல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் வழங்க உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டபோது தமிழ்நாட்டுக்கு அது பழகிய நடைமுறை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

சத்துணவுக் கூடத்தில் ஒரு சிறு நடைமுறை கவனிக்கத்தக்கது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பல இலட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் நடக்கும் திட்டத்திலும் ஒரு தட்டில் மட்டும் வேறு பொருள் வைக்க முடிகிறது. அதற்குத் தேவையானவை மூன்று: யார் சாப்பிடமாட்டார் என்று அமைப்பாளருக்குத் தெரிந்திருப்பது, மாற்றுப் பொருளுக்கு நிதி, அதைக் கேட்கும் பிள்ளையைக் கூச வைக்காத வழக்கம். கற்பித்தலுக்கும் இம்மூன்றே அடிப்படை.

4. வேகத்துக்கு இடம் கொடுத்த வகுப்பறை

தமிழ்நாட்டில் பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். இந்த நெருக்கடிக்கு ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறை ஒரு வழி காட்டியது. அதைத் தழுவி 2003-இல் ஆட்சிப்பணி அதிகாரி எம்.பி. விஜயகுமார் முன்முயற்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் மாநிலம் முழுவதுக்கும் போனது.

அந்த வகுப்பறையின் தோற்றமே வேறு. பெஞ்சுக்குப் பதிலாகப் பாய். சுவரைச் சுற்றிப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஆளுக்கொரு பகுதியாகக் கீழ்மட்டக் கரும்பலகை. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, அட்டைதோறும் ஒரு சின்னம் இருக்கும். பிள்ளை சுவரிலுள்ள கற்றல் ஏணியைப் பார்த்துத் தன் படியைத் தெரிந்துகொண்டு, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து, அதற்குரிய குழுவில் போய் அமர்வான். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல், மதிப்பீடு எனக் குழுக்கள் அமைந்தன. இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்து விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். திண்ணையின் சுவடி ஒழுங்கும் சட்டாம்பிள்ளைத் துணையும் வேறு வடிவில் திரும்பி வந்தன என்றே சொல்லலாம். இந்தத் தடவை வாசலும் திறந்திருந்தது.

குறைகளும் விரைவில் தெரிந்தன. பெற்றோர் புத்தகத்தையும் வீட்டுப்பாடத்தையும் தேடினர். அட்டை முடிப்பதே குறிக்கோளாகிச் சில இடங்களில் கற்றல் சடங்கானது. பதிவேட்டுச் சுமை ஆசிரியரை அழுத்தியது. முறை எளிமையாக்கப்பட்டுப் படிப்படியாக வேறு வடிவம் பெற்றது.

பெருந்தொற்றுக்காலப் பள்ளி மூடல், பிள்ளைகளின் கற்றல் வேகம் பற்றிய கேள்வியை மீண்டும் எழுப்பியது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலைநேர மையங்களை நடத்தினர். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், கற்றல் இழப்பின் மூன்றில் இரு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் ஈடானதும், அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இம்மையங்களால் வந்ததும் தெரியவந்தன. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது. வயதைப் பார்க்காமல் கற்ற நிலையைப் பார்க்கும் பழைய கொள்கைதான் இது.

5. உடலும் மனமும்

மாற்றுத்திறன் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வரும் பாதையை அரசுத் திட்டமும் சட்டங்களும் அமைத்தன: 1974-இன் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், இருபத்தொரு வகை இயலாமைகளை ஏற்ற 2016-இன் சட்டம். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைத்தன. வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சியும், பள்ளிக்கு வர இயலாதோருக்கு வீட்டிலேயே பயிற்சியும் நடக்கின்றன.

மனநலம் கடைசியாகக் கவனம் பெற்றது. 2003-இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இருந்த இடத்தை நீக்கியது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் மன வதையையும் சேர்த்துத் தடைசெய்தது. 2017-இல் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் நாளிதழ் முதல்பக்கத்தில் சில முகங்களைக் கொண்டாடி மற்ற இலட்சக்கணக்கானோரைக் குன்ற வைத்த சடங்கு ஒரே ஆணையில் முடிந்தது. செலவே இல்லாத மனநலச் சீர்திருத்தம் அது.

சாதி தரும் காயம் இன்னும் ஆறவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது; சாதி அடையாளக் கயிறுகளையும் பொட்டுகளையும் பள்ளியில் தடைசெய்யவும் அது பரிந்துரைத்தது. பிள்ளையின் நலம் ஆலோசகர் அறையோடு முடியாது, உட்காரும் வரிசையிலும் விளையாட்டுத் திடலிலும் அடங்கியிருக்கிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

முடிவுரை

இவ்வரலாறு ஒரு முடிவுக்கு இட்டுச்செல்கிறது. எல்லாருக்கும் பொதுவாகச் செய்யக்கூடியவற்றை, அதாவது உணவு, சீருடை, தண்டனைத் தடை போன்றவற்றை, தமிழ்நாடு திறம்படச் செய்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறியிருக்கிறது. செயல்வழிக் கற்றல் தளர்ந்ததற்குக் காரணம் அதன் கொள்கையைவிட, அதை நடத்த வேண்டிய ஆசிரியரின் நேரத்தைப் பதிவேடுகள் தின்றதுதான். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இருவர் என்ற ஏற்பாட்டில் அந்த விகிதம் தாளில் சரியாக இருந்தாலும் வகுப்பறையில் பொருளற்றுப் போகிறது. சிறப்புத் தேவையுள்ள பத்துப் பேருக்குத் தொடக்கநிலையில் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. இங்கோ அப்பணியைச் செய்வோரில் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே இனி வரும் திட்டம் எதையும் ஒரு கேள்வியால் அளக்க வேண்டும்: இது ஆசிரியருக்குப் பிள்ளையோடு இருக்கும் நேரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? வகுப்புக்கோர் ஆசிரியர், நிரந்தரப் பணியில் சிறப்புப் பயிற்றுநர், பள்ளிக்கு எட்டும் தூரத்தில் மனநல ஆலோசகர் ஆகிய மூன்றையும் அடுத்த நிதிநிலை அறிக்கைகளில் அரசு முதன்மைச் செலவாக ஏற்க வேண்டும். உணவைக் கல்விச் செலவாக ஒப்புக்கொள்ள நமக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கவனத்தையும் அப்படி ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளக் கூடாது.