திருகாணியில்லா எஞ்சின்

அமெரிக்காவில் ஹென்றி போர்ட் 1908 முதல் 1927 வரை செய்து விற்ற மொடல் ‘ரி’ மோட்டார் வண்டிகள் ஒன்றரைக் கோடி. நேயர்களே, அவ்வெஞ்சினின் எட்டு வால்வுகளுள் ஒன்றற்கேனும், தண்டுக்கும் அதனை உயர்த்தும் தள்ளுகோலுக்குமுள்ள இடைவெளியைத் திருத்தத் திருகாணி கிடையாது.

சூடேறிய இரும்பு நீளும். இடைவெளி போதாவிடின் வால்வு தன் இருக்கையிற் படியாது. எரியும் வாயு ஒழுகி அதன் விளிம்பைக் கருக்கிவிடும். மிகுந்தாலோ, வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும். தட்டும் ஓசை வேறு. தள்ளுகோல் தாழ்ந்து நிற்கையில் இடைவெளி 1/64 அங்குலத்திற் குறையாமலும் 1/32 அங்குலத்தை விஞ்சாமலும் இருத்தல் வேண்டுமெனக் கம்பெனியின் கைந்நூல் விதித்தது.

வால்வை அரைத்து இருக்கையிற் பொருத்துந்தோறும் அது சிறிது கீழிறங்கும், இடைவெளி சுருங்கும். அப்பொழுது தண்டின் நுனியை அரத்தால் தேய்ப்பர். சிறிது தேய்த்து, பொருத்தி, அளந்து, மீண்டும் கழற்றித் தேய்க்கும் பொறுமை வேண்டும். தேய்ந்த உலோகம் திரும்ப வளராதன்றோ! தண்டை அடித்து நீட்டுவதும் உண்டு. அதற்கு அனுபவம் வேண்டும், புதிய தள்ளுகோல் இடுவதே நன்று என்றது கைந்நூல்.

இச்சிக்கனத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1909இல் 850 டொலர் விற்ற வண்டி, 1925இல் 290 டொலருக்குக் கிடைத்தது. ஆயினும் மிச்சமான திருகாணியின் வேலை பட்டறைக்காரன் தலையிலே விழுந்தது. 1927இல் வந்த மொடல் ‘ஏ’யிலும், 1932இன் எட்டு உருளை எஞ்சினிலும் போர்ட் அதனைச் சேர்க்கவில்லை. திருகாணியுள்ள தள்ளுகோல்களைப் பிற உற்பத்தியாளர் செய்து விற்றனர். பழைய வண்டி பேணுவோர் பலர் இன்று அவற்றையே பொருத்துகின்றனர்.