ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



நம் பழமலைநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். உங்களில் பலருக்கும் தெரிந்த கதைதான். இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று கேலியாகச் சொல்வோம். ஆனால் சுந்தரர் சும்மா போட்டுவிட்டுப் போகவில்லை. ஆற்றில் இடுவதற்கு முன், பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தார். கொடுத்தவர் கடவுளே என்றாலும் சரிபார்த்துத்தான் வாங்கினார்! முப்பது ஆண்டுகள் வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இனி நம் காலத்தில் நடந்த ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று 2015-ல் இரண்டு தமிழ் மருத்துவர்கள் முன்வந்தார்கள். ஜானகிராமன் ஒருவர், திருஞானசம்பந்தம் மற்றொருவர். பல்கலைக்கழகம் சொன்ன தொகை 60 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40 கோடி ரூபாய். ஏன் இவ்வளவு? இருக்கை என்பது ஒரு பேராசிரியருக்குச் சில ஆண்டுச் சம்பளம் கொடுப்பதல்ல. நம் நிரந்தர வைப்பு மாதிரிதான். முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் காலமெல்லாம் பாடம் நடக்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் இலக்கு. ‘முடிந்தவரை சேர்ப்போம்’ என்று அவர்கள் தொடங்கவில்லை.

மருத்துவர்கள் இருவரும் முதலில் தங்கள் கைப்பணத்தில் தலைக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இலக்கில் ஆறில் ஒரு பங்கு அப்போதே தீர்ந்தது. மீதி 50 லட்சத்துக்கு உலகத் தமிழர்களிடம் கை நீட்டினார்கள். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று அவ்வப்போது அறிவித்துவந்தார்கள். 2017-ல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. அது ஏறக்குறைய 15 லட்சம் டாலர், அதாவது இலக்கில் கால் பங்கு. மற்றதைப் பல நாட்டுத் தமிழர்கள் பெரிதும் சிறிதுமாகக் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் இலக்கு நிறைவேறியது. அதே வழியில் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கும் 30 லட்சம் கனடிய டாலர் திரட்டி, 2021-ல் முடித்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்கு நான்தான் பொருளாளர். 4 லட்சம் ரூபாய் இலக்கு. ஆறே மாதத்தில் என் நோட்டில் 3,70,000 ஏறிவிட்டது. ஊரெல்லாம் பாராட்டியது. ஸ்தபதி முன்பணம் கேட்டு வந்த அன்று பெட்டியைத் திறந்தால் 1,42,000 தான் இருந்தது. யாரும் திருடவில்லை. ‘தருகிறேன்’ என்று சொன்னவர் தொகையையும், கையில் தந்தவர் தொகையையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தேன். பி.காம். படித்தவன், பகலெல்லாம் வங்கியில் ஒரு ரூபாய் இடித்தால் வீட்டுக்குப் போகாதவன், செய்த வேலை அது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற என் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. மீட்க இரண்டு வருடம் ஆயிற்று. அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அதிகம் உறுத்துகிறது.

நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். சூளையில் ஏற்றிய சாமானை யாரும் விற்பனைக் கணக்கில் எழுதமாட்டார்கள். வெந்து இறங்கி, விரிசல் பார்த்து, தேறியதைத்தான் எண்ணுவார்கள். வாக்களித்த நன்கொடை சூளையில் இருக்கும் சாமான். ரசீது போட்டதுதான் தேறிய சாமான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் 36 வீடுகளுக்கும் புதுத் தண்ணீர்த் தொட்டி கட்ட 3,60,000 ரூபாய் தேவை என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. ஆறு மாதக் கெடு. நம் சங்கமும் லாபநோக்கற்ற அமைப்புதான். இங்கே வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். மின்தூக்கி அருகில் உள்ள அறிவிப்புப் பலகையில் நான்கு வரிகள் எழுதுவோம்: இலக்கு, வாக்களித்தது, கையில் வந்தது, செலவானது. மாதம் முதல் ஞாயிறு அன்று திருத்துவோம். மாதம் 60,000 வர வேண்டும். இரண்டாம் மாத முடிவில் 70,000 தான் வந்திருந்தால், 50,000 குறைகிறது என்று அன்றே தெரியும். அப்போது பேசித் தீர்க்க நான்கு மாதம் கையில் இருக்கும். கடைசி வாரத்தில் தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

ஒன்று மட்டும் கவனமாக இருப்போம். பலகையில் தொகை மட்டும் போதும், பாக்கி வைத்தவர் பெயர் வேண்டாம். ஒரு மாதம் கஷ்டம் யாருக்கும் வரலாம். தவணை வேண்டுவோர் செயலாளரிடம் தனியாகச் சொல்லட்டும்.

எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்கிறேன். இந்த முறை இரண்டு பத்தி போட்டு எழுதுவேன். என் முதல் தவணைக்கு ரசீது வாங்கிவிட்டேன். ஞாயிறன்று பலகையில் அதிலிருந்தே தொடங்கலாம்.